செட்டிநாட்டு ஆர்.எம்.எஸ். பெட்டி மாடல்: எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்வது

திருச்சி – மானாமதுரை மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாள) பாதையில் ஓடிய ஆர்.எம்.எஸ். பெட்டியை, அதாவது ரயில் தபால் சேவையின் பெட்டியை, மாடலாகச் செய்பவர்கள் சிலரோடு எனக்குப் பழக்கம் உண்டு. காரைக்குடிக்கு வரும்போது பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துவந்து என் மேசைமேல் வைப்பார்கள். “எல்லாம் அளவுப்படிதான் செஞ்சேன், ஆனா பார்த்தா ஏதோ ஒட்டலை” என்பார்கள். அந்த ‘ஏதோ’ என்ன என்பதைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் பெட்டியில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம். நான் பார்த்த கோளாறுகளில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

“தனித்தனியாகப் பார்த்தால் சரி, சேர்த்து வைத்தால் பொருந்தவில்லை”

ஆண்டு முடிவாகவில்லை என்பதுதான் இதற்குக் காரணம். ‘பழைய காலத்து ஆர்.எம்.எஸ். பெட்டி’ என்று ஒன்று கிடையாது. 1938-ஆம் ஆண்டுப் பெட்டி உண்டு, 1955-ஆம் ஆண்டுப் பெட்டி உண்டு, 1975-ஆம் ஆண்டுப் பெட்டி உண்டு. மூன்றிலும் எழுத்து வேறு, வண்ணம் வேறு, இழுக்கும் எஞ்சின் வேறு, உள்ளே கிடக்கும் கடிதத்தின் தபால்தலைகூட வேறு.

நம் பாதையின் ஆண்டுக் கணக்கை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-இல் ரயில் வந்தது. அங்கிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு 1930-இல் நீண்டது. அதற்கு முன் திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் பக்கம் போக மதுரையைச் சுற்ற வேண்டும். ஆகவே 1930-க்கு முந்தைய தனுஷ்கோடித் தபால் வண்டியைச் செட்டிநாடு ஸ்டேஷனில் நிறுத்த முடியாது. 1951 ஏப்ரல் 14 வரை இது சௌத் இந்தியன் ரயில்வே, அதன்பின் சதர்ன் ரயில்வே. அறந்தாங்கியிலிருந்து காரைக்குடிக்கு ரயில் வந்தது 1952-இல்தான். அதற்கு முந்தைய ஆண்டைக் காட்டும் மாடலில் அந்தக் கிளைப்பாதையைப் போட்டிருந்தால் பிரித்தெடுங்கள். 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலோடு தனுஷ்கோடி முடிந்தது. 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்தது. 1985-இல் தபாலும் தந்தியும் தனித்தனித் துறைகளாகின.

ஆண்டு முடிவான பிறகு ஒவ்வொரு பொருளையும் இந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர்ப்பலகையில் தனுஷ்கோடி, பைச் சீட்டில் ஆறு இலக்கப் பின்கோடு என்று இருந்தால் ஒன்றை எடுத்தாக வேண்டும். ஒய்.பி. என்ற நீராவி எஞ்சின் சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது. அதை 1930-களின் வண்டிக்கு முன்னால் கோக்க முடியாது. சரி, இதை முடித்துவிட்டு மற்றதற்கு வருவோம்.

“பெட்டி பருமனாகத் தெரிகிறது”

அகலத்தை அளந்து பாருங்கள். 1:87 அளவில், அதாவது அசலில் 87-இல் ஒரு பங்காக, செய்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் இரும்புப் பெட்டியில் மீட்டர் கேஜ் வகை ஏறத்தாழ 19.5 மீட்டர் நீளம், 2.74 மீட்டர் அகலம். மாடலில் 224 மி.மீ. நீளம், 31.5 மி.மீ. அகலம் வர வேண்டும். அகலம் 37 மி.மீ.க்கு மேல் இருந்தால் நீங்கள் கையில் வைத்திருப்பது அகலப்பாதைப் பெட்டியின் வரைபடம். அதன் அசல் அகலம் 3.245 மீட்டர். இன்று எளிதாகக் கிடைக்கும் வரைபடங்கள் எல்லாம் அகலப்பாதைக்கானவை என்பதால் இந்தப் பிசகு அடிக்கடி நடக்கிறது. நீளத்தை மட்டும் குறைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். சன்னல் அகலம், கதவு உயரம், கூரையின் வளைவு எல்லாமே மாறும். புதிதாக வெட்டுவதுதான் வழி.

இன்னொரு அடையாளம் பஃபர், அதாவது பெட்டிகள் இடிக்கும்போது அதிர்ச்சி தாங்கும் முட்டு. பெட்டியின் முகப்பில் இடமும் வலமுமாக இரண்டு பஃபர் ஒட்டியிருந்தால் அது மீட்டர் கேஜ் ஆகாது. நம் மீட்டர் கேஜில் நடுவில் ஒரே பஃபர், பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கும் அதோடு சேர்ந்தே. பக்கத்து பஃபர்களைச் சீவி எடுத்துவிட்டு ஓட்டையை அடைத்துத் தேய்த்தால் போதும்.

இந்தப் பெட்டி 1930-களுக்கு உரியது என்றால் ஐ.சி.எஃப். அளவே செல்லாது. பெரம்பூரில் அந்தத் தொழிற்சாலை தொடங்கியது 1955-இல். அதற்கு முந்தையவை மர உடல் பெட்டிகள், இதைவிடக் குட்டை. பக்கச்சுவரில் பலகைக் கோடு தெரியும்.

தண்டவாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1,000 மி.மீ. பாதை 1:87-இல் 11.5 மி.மீ. ஆகும். ஸ்விட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மாடல்களுக்காக விற்கும் 12 மி.மீ. தண்டவாளமும் சக்கரமும் நமக்கு அப்படியே உதவும். அரை மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

“வளைவில் தடம்புரள்கிறது”

ஆர்.எம்.எஸ். பெட்டிக்கு மற்றப் பெட்டிகளைவிட இந்தத் தொல்லை அதிகம். உள்ளே கடிதம் பிரிக்கும் அடுக்கு சுவரோடு சுவராக உயரத்தில் இருக்கிறது. புறாக்கூண்டு மாதிரி அத்தனை கண்ணறைகளையும் தடித்த பிளாஸ்டிக்கில் செய்தால் மேல்பக்கம் கனத்துவிடும், அதிலும் ஒரே பக்கம். வளைவில் பெட்டி அந்தப் பக்கம் சாயும்.

அடுக்கை விசிட்டிங் கார்டு அட்டையில் செய்யுங்கள். கனத்தைத் தரைக்குக் கீழே, பேட்டரிப் பெட்டிகளுக்குள் ஒளித்து வையுங்கள். எவ்வளவு கனம் என்பதற்கு அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 1:87 அளவுப் பெட்டிக்கு 1 அவுன்ஸ், அதற்குமேல் ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். நம் பெட்டிக்கு அது 150 கிராமைத் தொடும். 12 மி.மீ. தண்டவாளத்தில் நான் 120 கிராம் வைக்கிறேன், நிலையாக ஓடுகிறது.

கனம் சரியாக இருந்தும் புரண்டால், பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் போகியைப் பாருங்கள். இரண்டு போகியையும் ஒரே மாதிரி இறுக்கியிருப்பீர்கள். ஒன்று இடவலமாகத் திரும்பினால் மட்டும் போதும். மற்றது திரும்பவும் வேண்டும், லேசாக ஆடவும் வேண்டும். அதன் திருகை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். அதற்கும் கேட்காவிட்டால் ஒவ்வொரு அச்சிலும் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை அளவுகோல் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

“சன்னல் வெள்ளையாகப் பூத்துவிட்டது” / “சுவர் வளைந்துவிட்டது”

சன்னல் பூப்பது உடனடிப் பசையால். அந்தப் பசையின் ஆவி பிளாஸ்டிக்கில் வெண்படலமாகப் படியும். சன்னலுக்கு ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசைதான். ஏற்கெனவே பூத்திருந்தால் பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பாருங்கள், லேசான படலம் மறையும். வண்ணம் முடிந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். எண்ணெய் பட்ட இடத்தில் வண்ணம் பிடிக்காது.

சுவர் வளைவதற்குக் கத்திரி வெயிலின்மேல் பழிபோடுகிறோம். பல சமயம் உண்மைக் காரணம் உள்ளே அடைபட்ட பசை. இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கரைப்பான் பசையால் ஒட்டும்போது அந்த ஆவி வெளியேற வழியில்லாமல் மாதக்கணக்கில் பிளாஸ்டிக்கை இளக்கிக்கொண்டே இருக்கும். ஒட்டுவதற்கு முன் உள்தகட்டில் ஊசி முனையளவு துளைகள் வரிசையாகப் போட்டுவிடுங்கள். கூரையைத் திறந்து வைத்தே காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் ஸ்ப்ரே அடித்தால் வண்ணம் சுண்ணாம்பாய் வெளுக்கும், அந்த இரண்டு மாதமும் வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

“விளக்கு மினுக்குகிறது, சுவர் வழியாகவும் வெளிச்சம் கசிகிறது”

கசிவுக்கு ஒரே மருந்துதான். பெட்டியைப் பூட்டுவதற்கு முன் உட்சுவரில் கறுப்பு அடித்து, அதன்மேல் வெள்ளை அடிக்க வேண்டும். பூட்டிய பிறகு செய்ய முடியாது.

மினுக்குவதற்கு முதலில் தண்டவாளத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் இரண்டு போகியிலிருந்தும் மின்சாரம் எடுங்கள். பாலம் வடிவ ரெக்டிஃபையர் ஒன்று, 470 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று போட்டால் மினுக்கல் அடங்கும். எல்.ஈ.டி. மஞ்சள் சாயலாக இருக்கட்டும். இரவெல்லாம் நின்றபடி கடிதம் பிரித்த இடத்துக்கு நீல வெள்ளை வெளிச்சம் பொருந்தவே பொருந்தாது.

“உள்ளே ஆள் வைத்தேன், வேலை நடக்கிற மாதிரி இல்லை”

முதலில் இது எந்த வகைப் பெட்டி என்று கேளுங்கள். எல்லா ஆர்.எம்.எஸ். இடத்திலும் கடிதம் பிரிக்கவில்லை. சில வண்டிகளில் கட்டிய பைகள் மட்டுமே போகும். பைகளுக்குக் காவலாகப் போகும் மெயில் கார்டு ஒருவர் அவற்றை ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறக்கி ஏற்றுவார். அங்கே கண்ணறை அடுக்கு இருக்காது, பைகளும் ஒரு பெட்டியும் பதிவேடும் இருக்கும். பிரிக்கும் செக்ஷன், அதாவது இரண்டு ஊர்களுக்கு இடையே ஓடும் வண்டியிலேயே கடிதம் பிரிக்கும் தபால் பிரிவு என்றால்தான் அடுக்கு, நீள மேசை, பைகளை வாய் திறந்து மாட்டும் கொக்கிகள், கடிதம் பிரிக்கும் ஊழியர்களான சார்ட்டர்கள் எல்லாம். அதற்கு முழுப் பெட்டியும் தேவைப்படலாம், பாதிப் பெட்டியே போதுமானதாகவும் இருக்கலாம்.

ஓய்வுபெற்ற சார்ட்டர் ஒருவரிடம் என் பெட்டியைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உள்ளே பார்த்தார். “தம்பி, இந்த ஆளுக எல்லாம் மேசையைப் பார்த்து நேரா நிக்கிறாங்க. ஓடுற வண்டியில அப்படி நிக்க முடியாது. காலை அகட்டி, இடுப்பை மேசையில முட்டுக் கொடுத்துத்தான் நிப்போம். இடது கையில கட்டு, வலது கைதான் போகும் வரும்” என்றார். அவர் எழுந்து நின்று காட்டியபோது அறுபது கடிதம் பிடிக்கிற அளவுக்கு இடது உள்ளங்கை தானாக விரிந்தது. அன்று இரவே நான்கு பொம்மைகளின் காலையும் வெட்டி அகட்டி ஒட்டினேன். இப்போது சன்னல் வழியாகப் பார்த்தால் வண்டி நின்றிருந்தாலும் ஓடுகிற மாதிரி இருக்கிறது. தரையில் அரக்குத் துணுக்கும் சணல் நூலும் சிதறச் சொன்னதும் அவர்தான்.

ஓடும் வண்டி பையைக் கவ்வி எடுக்கும் வலையும் கம்பியும் வைத்த மாடல் பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. அவை பிரிட்டிஷ் தபால் வண்டிகளுக்கு உரியவை, அங்கே 1971 வரை புழங்கின. அழகாக இருக்கிறதே என்று நம் பெட்டியில் ஒட்டாதீர்கள். கடிதம் போடும் துவாரம் மட்டும் இருக்கட்டும். ஊர்த் தபாலாபீஸ் கட்டு முடிந்த பிறகு ஸ்டேஷனுக்கு ஓடிவந்து, தாமதக் கட்டணத்துக்குக் கூடுதல் தலை ஒட்டி ஆர்.எம்.எஸ். பெட்டியிலேயே கடிதம் போடும் வழக்கம் இருந்தது. ஒரு பக்கத்துப் படம்தான் கிடைத்தது என்றால் மறுபக்கமும் அதே மாதிரி என்று எண்ண வேண்டாம். அடுக்கு இருக்கும் சுவரும் எதிர்ச்சுவரும் ஒரே அமைப்பில் இருக்காது.

“எந்த வண்டியில் ஓடியது என்று தெரியவில்லை”

இதுதான் பெரிய வேலை, எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுவே. பொதுமக்களுக்கான கால அட்டவணையில் வண்டி எப்போது வரும், எங்கே நிற்கும் என்று இருக்கும். அதில் தபால் செக்ஷன் ஓடியதா என்பதைக் கடிதத்தின் பின்பக்கம்தான் சொல்லும்.

அந்தக் கடிதங்கள் நம் ஊரில் இருக்கின்றன. ரங்கூன், கொழும்பு, பினாங்கு என்று கடை வைத்திருந்த வீடுகளுக்கு வந்த கடிதங்கள் கட்டுக்கட்டாகப் பெட்டகங்களில் கிடந்தன. வீடு பிரிக்கும்போது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. எனக்கு முதல் கட்டு கொடுத்தவர் பள்ளத்தூரில் ஓர் ஆச்சி. “எடுத்துக்கிட்டுப் போப்பா, பூச்சி அரிக்கிறதுக்கு நீயாச்சும் படிச்சாத் தேவலை. காசு கீசு வேண்டாம், தலையை மட்டும் கிழிச்சு எடுத்துட்டு மத்ததைத் தூரப் போட்டுறாதே” என்றார். தபால்தலைக்காக உறையைக் கிழித்தவர்கள் எத்தனை வண்டிகளின் சாட்சியைக் குப்பையில் போட்டார்கள் என்பது அந்தக் கட்டைப் பிரித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஓர் உறையை எப்படிப் படிப்பது? கையில் எடுத்ததும் திருப்புங்கள். முன்பக்க முத்திரை எங்கே போட்டார்கள் என்பதைச் சொல்லும். பின்பக்க முத்திரைகள் எந்த வழியே வந்தது என்பதைச் சொல்லும். ஆர்.எம்.எஸ். முத்திரையில் ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும், அது செக்ஷன். செட் என்று ஓர் எண் இருந்தால், முறைபோட்டு வேலைக்கு ஏறும் சார்ட்டர் குழுக்களில் அன்று ஏறிய குழு அது. அவுட் என்றால் செக்ஷனின் தலைமையிடத்திலிருந்து கிளம்பிய பயணம், இன் என்றால் அங்கே திரும்பும் பயணம். பலர் இதை ஊருக்குள் வந்தது, ஊரைவிட்டுப் போனது என்று படித்து வண்டியைத் தலைகீழாகத் திருப்பிவிடுகிறார்கள். இன்றைய பிரிவுகளில் டி (T) என்பது திருச்சி, எம்.ஏ. (MA) என்பது மதுரை. ஆனால் பிரிவுகள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. பழைய முத்திரையில் எழுத்தைக் கண்டதும் முடிவுகட்டாமல், அதே எழுத்தும் எண்ணும் உள்ள நாலைந்து உறைகளைச் சேர்த்து, அவை எந்தெந்த ஊர்களுக்கு இடையே போயிருக்கின்றன என்று பாருங்கள். செக்ஷனின் இரண்டு முனைகளும் தானாகத் தெரிந்துவிடும்.

அப்புறம் திசை. இலங்கைக் கடிதம் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலில் வந்து, ரயிலேறி மானாமதுரை வழியாக மேலே வரும். ரங்கூன் கடிதம் சென்னைத் துறைமுகம் வழியாக வந்திருந்தால் திருச்சியிலிருந்து கீழே இறங்கும். ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு கடிதங்கள் எதிரெதிர்த் திசை வண்டிகளுக்குச் சாட்சி சொல்லும். ரங்கூன் கடிதத்துக்கு ஆண்டு மங்கியிருந்தால் தலையைப் பாருங்கள். பர்மா 1937 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து பிரிந்தது. வெறும் இந்தியத் தலை ஒட்டிய ரங்கூன் உறை அதற்கு முந்தையது. பர்மா என்று மேலே அச்சடித்த தலை என்றால் அதற்குப் பிந்தையது.

“முத்திரை ஒன்று சொல்கிறது, அட்டவணை ஒன்று சொல்கிறது”

பெரும்பாலும் இரண்டுமே சரியாக இருக்கும். செக்ஷனின் ஓட்டமும் வண்டியின் ஓட்டமும் ஒன்றல்ல. வண்டி சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரை போகலாம், சார்ட்டர்கள் நடுவில் ஒரு ஜங்ஷனில் இறங்கி வேறு குழு ஏறலாம். பெட்டியே கழன்று வேறு வண்டியில் கோக்கப்படுவதும் உண்டு. ஆகவே முத்திரையில் உள்ள ஊரை வண்டியின் கடைசி ஊர் என்று எடுக்காதீர்கள்.

ஊர்ப் பெயரும் ஏமாற்றும். தேவகோட்டைக்கு வந்த கடிதம் ரயிலில் தேவகோட்டைக்கு வரவில்லை. ஸ்டேஷன் ஊருக்கு வெளியே, நாம் ரஸ்தா என்று சொல்லும் இடத்தில் இருக்கிறது. பை அங்கே இறங்கிச் சாலை வழியே போக வேண்டும். ஸ்டேஷன் இல்லாத ஊர் முகவரி என்றால் பை எந்த ஸ்டேஷனில் இறங்கியது என்று தேடுங்கள். உங்கள் மாடல் பிளாட்பாரத்தில் தள்ளுவண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதும் அதோடு தெரிந்துவிடும்.

அட்டவணையின் மாதத்தையும் பாருங்கள். ஓர் உறை ஜூனில், கையில் உள்ள அட்டவணை அக்டோபரில் என்றால் நேரம் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. இடைப்பட்ட இதழ் கிடைக்கும்வரை அந்த உறையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

படம் வேண்டுமென்றால் திருச்சியிலும் பெரம்பூரிலும் ரயில் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. மீட்டர் கேஜ் வண்டிகளைத் தொட்டுப் பார்த்து அளக்கும் அனுபவம் வரைபடத்தில் வராது. அச்சுச் சாமான்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போங்கள். அங்கே உள்ள சேகரிப்பின் வேர் நம் கோட்டையூரில்தான். போகும்போது ‘பழைய ரயில் விவரம்’ என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. “1938, திருச்சி–மானாமதுரை, இரவு வண்டி” என்று கேளுங்கள்.

“வண்டியில் எந்த இடத்தில் கோப்பது?”

எஞ்சினுக்கு அடுத்தா, கடைசியிலா என்று வாதம் நடக்கும். உங்கள் ஆண்டின் படம் இருந்தால் அதன்படி கோத்துவிடுங்கள். படம் இல்லையென்றால் பிளாட்பாரத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். தள்ளுவண்டி வர இடம் இருக்கிறதா, பார்சல் ஆபீஸ் எந்தப் பக்கம், பைக் கட்டு இறக்க வண்டி நிற்கும் நேரம் போதுமா என்று பார்த்தாலே இரண்டில் ஒன்று விழுந்துவிடும். வழியில் எஞ்சின் மறுமுனைக்கு மாறும் ஜங்ஷன் இருந்தால் அங்கே முன்பெட்டி பின்பெட்டியாகிவிடும், அதையும் கணக்கில் சேருங்கள்.

என் மேசையில் ஓடுவது 1938 நவம்பர் மாதத்து ஓர் இரவு. ஆச்சி கொடுத்த கட்டில் மேலே இருந்த உறையின் தேதி அது. கொழும்பிலிருந்து வந்தது, பின்பக்கம் மூன்று வட்ட முத்திரை, நடுவில் உள்ளது ஆர்.எம்.எஸ். செட்டிநாடு ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது பெட்டிக் கதவில் ஓர் ஆள் பையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு உறையை எடுத்துக் காட்டுகிறேன்.